கண்ணாடியில் ஒரு நட்சத்திரம்: மறதியைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு பரிசோதனை

"காலமை சாப்பிட்டதை மறந்துபோறா. ஆனால் ஐம்பது வருசத்துக்கு முந்தின கதையை ஒரு பிழையில்லாமல் சொல்லுறா. வேணுமெண்டுதான் இப்பிடிச் செய்யிறாவோ?"

அம்மம்மாவைப் பற்றி, அப்பப்பாவைப் பற்றி இப்படிக் கேட்பவர்களை நமது சமூகத்தில் அடிக்கடி காண்கின்றோம். இக்கேள்விக்கான விடை கிடைத்ததில் நாம் வாழும் மொன்றியல் நகரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இம்முறை அந்த வரலாற்றைப் படிப்பதோடு, பிள்ளைகளுடன் சேர்ந்து அந்தப் பரிசோதனையைச் செய்தும் பார்ப்போம்.

மக்கில் வளாகத்தில் ஓர் ஆய்வு நிலையம்

மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொன்றியல் நரம்பியல் நிலையம் 1934ஆம் ஆண்டு சத்திரசிகிச்சை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டினால் நிறுவப்பட்டது. காக்கை வலிப்பு நோயாளர்களுக்கு அவர் விழிப்பு நிலையிலேயே மூளைச் சத்திரசிகிச்சை செய்தார். தலையின் தோல் மட்டும் விறைக்க வைக்கப்படும். மூளைக்கு வலி தெரியாது. மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, கை அசைகிறதா, பேச்சுத் தடைப்படுகிறதா என்று பார்த்து, எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கின்றது என்று அவர் வரைபடம் தயாரித்தார்.

1950இல் அங்கு ஆய்வுக்கு வந்தவர் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர். இங்கிலாந்தில் பிறந்து 1944இல் கனடாவுக்கு வந்தவர். 2018இல் தமது 100ஆவது வயதை எட்டினார்.

மூன்று நாட்களில் கண்ட உண்மை

1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்பைக் கட்டுப்படுத்துவதற்காக மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன் பின்னர் புதிய நிகழ்வு எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. சற்று முன் பேசியவரையே புதியவராகக் கண்டார். 2008இல் அவர் இறக்கும் வரை, பெயரை வெளியிடாமல் எச்.எம். என்றே ஆய்வாளர்கள் எழுதினர்.

1955இல் மில்னர் மொன்றியலிலிருந்து இரவு ரயிலில் சென்று அவரைப் பரிசோதித்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தை வரையும் வேலையை அவருக்குக் கொடுத்தார். மூன்று நாட்களில் 30 முறை வரைந்தார். நாளுக்கு நாள் பிழைகள் குறைந்தன. ஆனால் ஒவ்வொரு நாளும், இதனை முன்னர் செய்ததாக அவருக்கு நினைவே இருக்கவில்லை. கை பழகிக்கொண்டது; மனம் அறியவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

தேவையானவை: நிறுத்தி வைக்கக்கூடிய ஒரு கண்ணாடி, சில தாள்கள், பென்சில், ஒரு கெட்டியான மட்டை, மணிக்கூடு.

1. தாளில் ஒரு நட்சத்திரம் வரையுங்கள். அதற்குள் அரைச் சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு இன்னொரு நட்சத்திரம் வரையுங்கள். இப்படி 30 பிரதிகள் எடுங்கள்.
2. தாளுக்குப் பின்னால் கண்ணாடியை நிறுத்துங்கள். கையும் தாளும் நேராகத் தெரியாதபடி மட்டையால் மறையுங்கள்.
3. கண்ணாடியை மட்டும் பார்த்து, இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஒரு சுற்றுக் கொண்டுவாருங்கள்.
4. கோட்டுக்கு வெளியே போன தடவைகளையும் எடுத்த நேரத்தையும் குறியுங்கள்.
5. ஒரு நாளைக்கு 10 முறையாக மூன்று நாட்கள் செய்யுங்கள்.

முதல் முறை கை சொன்னபடி கேளாது, பிள்ளைகள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் குறிப்புகளைப் பாருங்கள். பிழைகள் குறைந்திருப்பதைக் காண்பீர்கள்.

இதிலிருந்து நாம் அறிவது

ஞாபகம் என்பது ஒன்றல்ல. நிகழ்வுகளைப் பதியும் ஞாபகத்துக்கு ஹிப்போகம்பஸ் வேண்டும். கைப்பழக்கத்துக்கு மூளையின் வேறு பகுதிகள் உண்டு. அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகம்பஸையும் அதன் அயலையுமே முதலில் தாக்குகின்றது. ஆகவே இன்று நடந்தது நிற்காது. முன்னரே பதிந்த பழைய கதை நெடுநாள் நிற்கும். பூக்கட்டுவதும் பிட்டுக் குழைப்பதும் கையோடு இருக்கும். அது நடிப்பல்ல.

எனவே "இப்பதானே சொன்னனான்" என்று கோபிப்பதில் பயனில்லை. கேட்டதையே கேட்டால் அமைதியாக மறுபடி சொல்லுங்கள். கைக்குப் பழகிய வேலையைச் செய்ய விடுங்கள். அடுப்பு, மருந்து போன்றவற்றில் மட்டும் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள்: இப்பரிசோதனையை வயதானவர்களுக்குச் சோதனை வைக்கப் பயன்படுத்தாதீர்கள். இது நோயைக் கண்டுபிடிக்கும் முறையன்று.

எப்போது வைத்தியரை நாடுவது?

தெரிந்த வழி தவறுதல், காசுக் கணக்குப் பிழைத்தல், சமையலின் ஒழுங்கு மறத்தல், குணம் மாறுதல் ஆகியவை தொடர்ந்தால், "வயது போனால் மறதிதானே" என்று இருந்துவிடக் கூடாது. பி12 விற்றமின் குறைபாடு, தைரொயிட் கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மரக்கறி மட்டும் உண்பவர்கள் பி12 அளவைப் பார்ப்பது நல்லது.

குடும்ப வைத்தியரிடமோ அருகிலுள்ள சி.எல்.எஸ்.சி. நிலையத்திலோ பேசுங்கள். 811 இலக்கத்தில் தாதியிடமும் ஆலோசனை கேட்கலாம். குழப்பமோ பேச்சுத் தடுமாற்றமோ திடீரென வந்தால் தாமதியாது 911ஐ அழையுங்கள்.

வைத்தியர்கள் பயன்படுத்தும் 'மொன்றியல் அறிதிறன் மதிப்பீடு' இங்குதான் உருவாகி 2005இல் வெளியிடப்பட்டது. சுமார் 10 நிமிடம், 30 புள்ளிகள். மணிக்கூடு வரைதலும் ஐந்து சொற்களை நினைவுகூர்தலும் அதில் அடங்கும். தெரியாத மொழியில் கேட்டால் நல்ல ஞாபகமுள்ளவரும் குறைந்த புள்ளியே பெறுவார். ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென நேரம் குறிக்கும்போதே கேளுங்கள். மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையைக் கூட்டிச் செல்லாதீர்கள். அன்பின் மிகுதியால் அவர்கள் விடையையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்!

மறதியை மறைப்பதால் குடும்ப மானம் காக்கப்படுவதில்லை, காலம்தான் வீணாகின்றது. நமக்காகச் சுமந்தவர்களை இப்போது நாம் பொறுமையோடு சுமப்போம்.