உடையும் நஞ்சும் உடையாத நஞ்சும்

அன்புள்ள மருமகளுக்கு,

தோட்டத்துப் பழைய மருந்து ஸ்டோரை வாசிகசாலை ஆக்கப் போகிறார்களாம், சோப்புப் போட்டுக் கழுவினால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். அங்கே என்ன மருந்து இருந்தது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது, மகள்.

மலத்தியன் போன்ற பொசுபரசு சேர்ந்த பூச்சிமருந்துகள் காரத்துக்குத் தாக்குப்பிடிக்காது. சலவைச் சோடாக் கரைசலை ஊற்றி நன்றாக ஊறவிட்டால் மூலக்கூறே உடைந்துவிடும். அவசரப்பட்டு உடனே அலசினால் அந்த வேலை நடக்காது. மருந்து இடம் மாறும், அவ்வளவுதான்.

மருந்தில் உலோகம் இருந்தால் அதனிடம் இந்த வித்தை பலிக்காது. பாதரசம் (உன் புத்தகத்தில் இரசம்) ஒரு மூலகம், அதை எந்தக் கரைசலும் உடைக்காது. நம் ஊரைப் போன்ற மலையூர்தான் கொடைக்கானல். அங்கே இந்துஸ்தான் லீவரின் வெப்பமானி ஆலையிலிருந்து போன பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி, 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் அகப்பட்டது. ஏழு தொன்னுக்கும் மேல்! ஆலையை மூடினார்கள். 2003இல் சுமார் 290 தொன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. ஆலையைக் காலி செய்துவிடலாம். ஆலையை அடுத்த பாம்பார் சோலைப் பக்கச் சரிவில் பாதரசம் கலந்த மண்ணை எந்தக் கப்பலில் ஏற்றுவது? அந்த மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய சண்டை வருடக்கணக்கில் இழுத்தது.

பாதரசம் சிந்திய தரையில் கந்தகத்தூள் தூவுவார்கள். இரண்டும் சேர்ந்து கறுப்பு சல்பைட்டாகும். அது நீரில் கரையாது, எளிதில் ஆவியாகாது. ஆனால் பாதரசக் குண்டுமணியின் மேற்பரப்பில்தான் கறுப்புத் தோல் படியும், உள்ளே பாதரசம் அப்படியே இருக்கும். கொங்கிரீட்டின் நுண்துளைக்குள் இறங்கியதைத் தூள் எட்டாது. அப்போது தரையைச் செதுக்கி எடுத்து, பாதரசம் கொதிக்கும் 357 பாகை செல்சியசுக்கு மேல் மூடிய உலையில் சூடாக்கி, ஆவியைக் குளிர்த்துப் பிடிக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பாதரசம் பாதரசமாகவே போத்தலில் இருக்கும்.

ஆகவே முதலில் ஸ்டோர் கணக்குப் புத்தகத்தைத் தேடச் சொல். மருந்து ஊறிய பலகைத் தட்டுகளைக் கழுவி மினக்கெட வேண்டாம், கழற்றட்டும். கழுவுகிற தண்ணீரைக் கானில் விடவே கூடாது. கான் கெசல்கமு ஓயாவுக்குப் போகிறது, ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு. பீப்பாயில் பிடித்து மூடி வைக்கட்டும். கையுறை போட்ட பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ உள்ளே போகாதே.

அன்புடன்,
மாமா