பனிக்கட்டி மிதப்பது ஏன்?

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் நம் மாணவர், பனிக்கட்டியை அறியாதவரல்லர். பிடித்த மீன் கெடாதிருக்க ஐஸ் பெட்டியில் இடும் கட்டியை நாளும் காண்கின்றனர். அக்கட்டி கடலில் தவறி விழின் அமிழாது மிதக்கும். கல்லைப்போல் இறுகிய திண்மம், தன்னை ஈன்ற நீரிலேயே மிதப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வினா பழையது. 1611ஆம் ஆண்டில் இத்தாலியின் புளோரன்சு நகரில் அறிஞர்கள் இதுபற்றி வாதிட்டனர். பனிக்கட்டி செறிந்த நீராதலின் நீரினும் பாரமானது என்றும், தட்டையான வடிவத்தாலேயே மிதக்கின்றது என்றும் ஒரு சாரார் கூறினர். கலிலியோ அதனை மறுத்து, உறையும் நீர் செறிவதன்று, விரிவதே என்றார். காலம் அவர் கூற்றை மெய்ப்பித்தது.

தமிழில் திண்மை என்பது உறுதியைக் குறிக்கும். கனம் என்பது பாரத்தைக் குறிக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே மயக்கத்திற்கு வித்து. திண்மமாகிய மரக்கட்டை மிதக்கின்றது. திரவமாகிய இரசம் நீரில் அமிழ்கின்றது. எனவே மிதத்தலும் அமிழ்தலும் அடர்த்தியைப் பற்றியனவேயன்றி உறுதியைப் பற்றியன அல்ல.

பெரும்பாலான பொருள்கள் உறையுங்கால் சுருங்கும். உருக்கிய நெய்யில் உறைநெய்த் துண்டொன்றை இட்டால், அது அடியிற் சென்று தங்கும். நீரின் இயல்போ வேறு. குளிருந்தோறும் சுருங்கிவரும் நீர், 4 பாகை சதமத்தில் மிகுந்த அடர்த்தி எய்தி, அதன்கீழ் விரியத் தொடங்கும். உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றி, இடையே வெற்றிடம் விட்டு அறுகோண ஒழுங்கில் அமைகின்றன. இதனால் கனவளவு நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு பெருகும்.

ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 1000 கிராம். கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். பனிக்கட்டியோ 917 கிராமே. ஆகவே கடலில் மிதக்கும் கட்டியின் பத்தில் ஒன்பது பங்கு நீருள் மறைந்திருக்கும். 1912இல் தைற்றானிக் கப்பல் மோதி மூழ்கிய பனிமலையும் இவ்விதிக்கு உட்பட்டதே.

இவ்வியல்பால் உயிர்கள் பிழைக்கின்றன. குளிர்நாட்டு ஏரிகள் மேற்பரப்பிலேயே முதலில் உறைகின்றன. மிதக்கும் பனி போர்வையாகிக் கீழுள்ள நீரை உறையாது காக்க, மீன்கள் அங்கு வாழ்கின்றன. பனி அமிழுமாயின், அடியிலிருந்து உறைந்து ஏரி முழுதும் கட்டியாகிவிடக் கூடும்.

மாணவர், "அடர்த்தி குறைவு" என்று விடைத்தாளில் எழுதுவதோடு அமையாது, நெய்யையும் பனிக்கட்டியையும் கொண்டு தாமே சோதித்துத் தெளிவாராக. கண்டு தெளிந்த அறிவே நிலைக்கும்.