மூடியும் மூடாத மின்னஞ்சல்

தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியை மூடிவிட்டு மறுபடி திறந்தால், ‘ஏற்கெனவே இயங்குகிறது’ என்று மறுக்கிறதா? இடிமழையோடு கரண்ட் போய் வந்த பிறகும் இப்படி நேரலாம்.

1. ஓரிரு நிமிடம் பொறுங்கள். பெரிய படங்களோடு கடிதம் போய்க்கொண்டிருந்தால் மூட நேரமாகும்.

2. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் தண்டர்பேர்ட் தெரிந்தால் ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். திரையில் மறைந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

3. பட்டியலில் இல்லையா? புரொஃபைல் ஃபோல்டரில் ‘பேரன்ட்.லாக்’ ஃபைலை மட்டும் அழியுங்கள். அது மிஞ்சிய பூட்டு. பக்கத்தில் உள்ளவற்றைத் தொடவே வேண்டாம், உங்கள் கடிதங்கள் எல்லாம் அங்கேதான்.

4. அடிக்கடி நடந்தால் ஷிஃப்டை அழுத்தியபடி, ஆட்-ஆன் இயங்காத நிலையில் திறவுங்கள். அப்போது ஒழுங்காக மூடினால், குற்றவாளி அவற்றில் ஒன்று.

அவசரத்தில் பிளக்கை மட்டும் பிடுங்காதீர்கள். கடித ஃபைலே பழுதாகலாம்.