செவி: கேட்டலும் உடற்சமநிலையும்

செவிச்சோணை சேர்க்கும் ஒலியலைகள் செவிப்பறை மென்சவ்வை அதிரச் செய்கின்றன. இவ்வதிர்வு நடுச்செவியிலுள்ள சம்மட்டியுரு, பட்டையுரு, ஏந்தியுரு ஆகிய சிற்றென்புகளினூடாக உட்செவியின் நீள்வட்டச் சாளரத்தை அடைகின்றது.

என்புகள் எதற்கு? உட்செவியில் இருப்பது திரவம். வளியில் வரும் ஒலி நேரடியாகத் திரவத்திற் பட்டால் பெரும்பகுதி தெறித்துவிடும். செவிப்பறையின் அதிரும் பரப்பு சாளரத்தினதைப்போல் சுமார் 17 மடங்காகும். எனவே, விசை சிறிய பரப்பில் குவிந்து அமுக்கம் பெருகுகின்றது. (அமுக்கம் = விசை ÷ பரப்பளவு; பௌதிகவியலில் கற்றதே.)

நத்தைச்சுருளின் திரவம் அதிர, மயிர்க்கலங்கள் தூண்டப்பட்டு, கணத்தாக்கங்கள் செவிப்புல நரம்பினூடாக மூளையத்தை அடைகின்றன. அப்போதே ஒலி உணரப்படும். பேரொலியால் இக்கலங்கள் அழிந்தால் மனிதரில் மீண்டும் தோன்றுவதில்லை. காதுக்குள் காதொலிப்பானைச் செருகி உரத்துப் பாட்டுக் கேட்போர் இதனைக் கவனிக்க.

தலையின் சுழற்சியை உணர்வன, ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் அமைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள். இவற்றின் கணத்தாக்கங்கள் மூளிக்கும் செல்கின்றன. தலையின் சாய்வை உணர்வன கால்வாய்களின் அடியிலுள்ள இரு சிறு பைகள்.

வினா: சுழன்றாடிய சிறுவன் திடீரென நின்றதும் தலைசுற்றுவது ஏன்?

விடை: தலை நின்றபின்னரும் அரைவட்டக் கால்வாய்த் திரவம் சடத்துவத்தால் சிறிது நேரம் அசைவதால். (நத்தைச்சுருள் என எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம்.)