கரப்பானும் கிருமி நஞ்சும்

கேள்வி: மகளுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான். பனிக்காலத்தில் சொறிந்து சொறிந்து புண்ணாகிவிடுகிறது. கிருமிதான் காரணமா?
— ஒரு தாய், வத்தல்மலை

பதில்: கிருமி மட்டுமே காரணமில்லை, அம்மா. ஆனால் எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதில் அதற்குப் பங்குண்டு. கரப்பான் உள்ள பெரும்பாலோர் தோலில் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி குடியிருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் நூன்யெஸ் குழுவினர் அதன் பங்கை எலிகளிடம் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். அக்கிருமி சுரக்கும் டெல்டா நஞ்சு, தோலிலுள்ள மாஸ்ட் செல்களை உசுப்பி, அழற்சிப் பொருள்களைக் கொட்டவைத்தது. தோல் சிவந்து தடித்தது. நஞ்சு சுரக்காத கிருமியை இட்டபோது அழற்சி மிகக் குறைவு. எலியில் கண்டதை அப்படியே குழந்தைக்கும் பொருத்திவிடக் கூடாது.

குளித்த ஈரம் காயுமுன் மணமில்லாத களிம்பு தடவுங்கள். மலைக்குளிரில் இது மிக முக்கியம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நீர் வடிந்தாலோ மஞ்சள் பொருக்கு கட்டினாலோ தருமபுரி அரசு மருத்துவமனைக்கு உடனே கூட்டிச் செல்லுங்கள். ஆண்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.