பழைய டிராக்டரின் முதல் வர்ணம்
(மண்ணச்சநல்லூர் வட்டார வளர்ச்சி அதிகாரி எழுதுவது)

மண்ணச்சநல்லூர் என்றவுடன் அரிசி ஆலைகளே பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஆலைகளுக்கு நெல்லைத் தரும் வயல்களில் டிராக்டரும் ஆயில் எஞ்சினும் இறங்கி இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. முதன்முதலில் வந்த யந்திரங்களில் பல, இரும்பு விலைக்குப் போய்விட்டன. எஞ்சியவை களத்து மேட்டிலும் மாட்டுக் கொட்டகையின் ஓரத்திலும் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றைப் பழுது பார்த்து, வீட்டின் ஞாபகச் சின்னமாகவோ பள்ளிப் பிள்ளைகள் பார்த்தறியும் பொருளாகவோ வைக்க விரும்புவோர் நம் கிராமங்களில் உண்டு. அத்தகையோர் பூச்சு வேலையைத் தொடங்குமுன் அறிய வேண்டியது ஒன்று உண்டு. யந்திரத்தின் மேல் படிந்துள்ள பழைய வர்ணம் வெறும் அழுக்கு அன்று. அது ஒரு பதிவேடு. சுரண்டிவிட்டால் அதை மீண்டும் எழுத முடியாது.

இதை நான் கற்றது என் தவற்றினால்தான். முன்பு வேறொரு வட்டாரத்தில் பணிபுரிந்தபோது, ஒரு பழைய ஆயில் எஞ்சினைச் சுதந்திர தின விழாவுக்குள் புதுப்பித்து வாயிலில் நிறுத்த எண்ணினேன். காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவிக் கம்பித் தூரிகையால் தேய்க்கச் செய்து, பளபளக்கும் பச்சை எனாமல் பூசச் சொன்னேன். விழாவுக்கு வந்திருந்த முதிய பம்ப் டிரைவர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஐயா, இது நீல எஞ்சின். டேங்கியில் எங்கள் சங்கத்தின் பெயர் வெள்ளை எழுத்தில் இருந்ததே?” என்றார். மறுநாள் பெயர்த் தகட்டின் நான்கு திருகுகளையும் கழற்றினேன். தகட்டின் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் இருந்தது. நிறம் கிடைத்துவிட்டது, எழுத்துக் கிடைக்கவில்லை. சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து அந்த எஞ்சினை வாங்கிய விவசாயிகளுக்கு இருந்த ஒரே சாட்சியத்தை நானே அழித்துவிட்டேன்.

எங்கே தேடுவது?

நம் நாட்டு யந்திரங்களில் பூச்சு பல அடுக்காக இருப்பது இயல்பு. பொங்கல் வந்தால் மாட்டின் கொம்புக்கு வர்ணம் தீட்டும் வழக்கத்தில், டிராக்டருக்கும் ஒரு கை பூசிவிடுகிறோம். கை மாறும்போது விற்பவர் ஒரு முறை பூசுவார். வாங்கியவர் ஒரு முறை பூசுவார். ஆகவே வெளியே தெரியும் நிறத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்தல் கூடாது.

வெயிலும் மழையும் தூரிகையும் எட்டாத இடங்களில்தான் முதல் பூச்சு பிழைத்திருக்கும். பெயர்த் தகட்டின் பின்புறம், பாட்டரிப் பெட்டியின் அடிப்பாகம், விளக்கைத் தாங்கும் பட்டை, மட்கார்டு அச்சுடன் சேரும் விளிம்பு, போல்ட்டின் வாஷருக்கு அடியில் உள்ள வட்டம் ஆகியவற்றைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுக் கிரீஸும் மண்ணும் சேர்ந்து இறுகிய கட்டி கண்ணுக்கு அழகன்று. ஆனால் அதனடியில் வர்ணம் பத்திரமாக இருக்கும். அதை மரக் குச்சியால் மெல்லப் பெயர்த்து, மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் ஒற்றி எடுத்தல் நலம்.

எப்படிப் பார்ப்பது?

நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஓரிடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குச் சுழற்றித் தேய்க்க வேண்டும். நடுவில் ஆழமாகவும் விளிம்பில் ஆழம் குறைவாகவும் இருக்குமாறு கிண்ணம்போல் தேய்த்தால், வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். வெளிவளையம் கடைசிப் பூச்சு. உள்வளையம் முதற் பூச்சு. ஓரிடத்தில் பார்த்தால் போதாது. பானெட், சக்கரம், எஞ்சின் உடல் ஆகியவை வெவ்வேறு நிறத்தில் வந்திருக்கலாமாதலால் ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டும்.

இங்கே ஏமாறுவதற்கு வழிகள் மூன்று உண்டு. முதலாவது, இரும்பை ஒட்டியுள்ள செங்காவி அல்லது சாம்பல் நிறப் பூச்சு துருவைத் தடுக்கும் பிரைமராக இருக்கலாம். பிரைமர் மங்கலாக இருக்கும். மேற்பூச்சு தேய்த்தால் மினுங்கும். மேலும், இரு பூச்சுகளுக்கிடையே உருப்பெருக்கிக் கண்ணாடியில் மெல்லிய அழுக்குக் கோடு தென்பட்டால், கீழுள்ள வர்ணம் சில காலமாவது வெளியில் உழைத்தது என்று கொள்ளலாம். இரண்டாவது, வெயில் பட்ட சிவப்பு வெளிறிப்போகும். ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றிய பின்பே அதன் உண்மை நிறம் தெரியும். மூன்றாவது, இருட்டில் கிடந்த எண்ணெய்ப் பூச்சு மஞ்சள் படிந்திருக்கும். கழற்றிய பாகத்தைச் சில நாள் வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் குறையும்.

வரலாறு தரும் துணை

கண்ட நிறத்தைத் தயாரிப்பு வரலாற்றோடு ஒப்பிட வேண்டும். இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்ட ஃபெர்குசன் டி.இ. 20 டிராக்டர் முழுவதும் சாம்பல் நிறம். 1957-இன் இறுதியில் வந்த மாஸி ஃபெர்குசன் 35 தான் சிவப்புத் தகடும் சாம்பல் உடலும் உடையது. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வழியாக அந்தச் சிவப்பு நமக்கு நன்கு பழக்கமாயிற்று. ஃபோர்ட்சன் டிராக்டர்கள் 1930-களின் இறுதியில் ஆரஞ்சு நிறத்தில் வந்தன. போர்க்காலத்தில் பகை விமானங்களின் கண்ணில் படாதிருக்க 1940-இல் அவற்றைப் பச்சையாக்கினார்கள். 1945-இல் வந்த மேஜர் மாதிரி நீல உடலும் ஆரஞ்சுச் சக்கரமும் கொண்டிருந்தது. ஒரே கம்பெனியின் யந்திரமாயினும் ஆண்டு தெரியாமல் நிறத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே சான்று. ஆகவே பெயர்த் தகட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல் அவசியம். ஆர்.சி. புத்தகத்தில் நிறம் எழுதப்பட்டிருக்கும்; ஆயினும் அது பதிவு செய்த நாளின் நிறமேயன்றி ஆலையின் நிறமாக இருக்க வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளைப் புகைப்படமோ நிறத்தைச் சொல்லாது. எழுத்தும் கோடும் எங்கே இருந்தன என்பதை மட்டும் சொல்லும்.

இரண்டு உண்மைகள்

பெருவளை வாய்க்கால் பாசனத்தில் உள்ள ஒரு குடும்பத்தில் இது பற்றித் தகராறே எழுந்தது. காலஞ்சென்ற தந்தையாரின் டிராக்டர் சிவப்பு என்று மூத்தவர் சொன்னார். பெயர்த் தகட்டில் டி.இ.எஃப். என்ற எழுத்துகளைக் கண்ட இளையவர், 1951-இல் வெளிவரத் தொடங்கிய டீசல் ஃபெர்குசன் அது, சாம்பல் நிறமே சரி என்றார். விளக்குப் பட்டையின் அடியில் தேய்த்துப் பார்த்தோம். மேலே நீலம், அடுத்துச் சிவப்பு, அதன்கீழ் சாம்பல். சாம்பலுக்கும் சிவப்புக்கும் நடுவே தெளிவான அழுக்குக் கோடு. இளையவர் வென்றார் என்றே நினைத்தேன். திண்ணையில் அமர்ந்திருந்த தாயார், “அவர் வாங்கி வந்த நாளில் சிவப்புத்தான் தம்பி. ஆரத்தி எடுத்தவள் நானல்லவா?” என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. ஆலையிலிருந்து சாம்பல் நிறத்தில் வந்த யந்திரம், முதல் சொந்தக்காரரிடம் உழைத்து, சிவப்பு பூசப்பெற்று இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. சாம்பலே பூச வேண்டும் என்று நான் வாதாடினேன். பின்பு என் வாதத்தை நானே விட்டுவிட்டேன். காட்சிச்சாலைக்குச் செல்லும் யந்திரமாயின் ஆலையின் நிறம் பொருந்தும். இதுவோ அந்த வாசலில் நிற்கப் போகிறது. சகோதரர்கள் சிவப்பே பூசினார்கள். பானெட்டின் உட்புறம் ஒரு சாண் அளவுக்குப் பழைய சாம்பலைத் தொடாமல் விட்டு, அடுக்குகளின் விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்துள்ளார்கள்.

வர்ணம் சேர்த்தலும் எச்சரிக்கையும்

கழற்றக்கூடிய சிறு பாகம் ஒன்றைப் பெயிண்ட் கடைக்கு எடுத்துச் சென்றால், கணினிக் கருவி நிறத்தை அளந்து கலவையைச் சொல்லும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 5 வர்ண அட்டையில் நெருங்கிய எண்ணைக் குறித்துக்கொண்டால் பின்னரும் உதவும். கலவையைத் தகரத் துண்டில் பூசி, நன்றாகக் காய்ந்த பின், டியூப் லைட்டின் கீழல்லாமல் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும்.

பழைய பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டு உபயோகப் பெயிண்டிலும் அலங்காரப் பெயிண்டிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதியே 2017 நவம்பர் முதல் தேதியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் உலர்வாகத் தேய்ப்பதும் நெருப்பால் சுட்டு உரிப்பதும் ஆபத்து. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிய வேண்டும். சுரண்டிய தூளை வாய்க்காலிலோ களத்திலோ கொட்டாமல் சேகரித்து அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது.

ஒரு யந்திரத்துக்குப் புது வர்ணம் பூச ஒரு நாள் போதும். அதன் பழைய வர்ணத்தைப் பார்க்க இன்னும் ஒரு நாள் செலவிடுங்கள். தகட்டின் திருகைக் கழற்றுமுன் தூரிகையைக் கையில் எடுக்க வேண்டாம். நம் ஊர் உழவர் முதலில் நம்பி வாங்கிய யந்திரம் எப்படி இருந்தது என்பதை நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த ஒரு நாள் உதவும்.