இப்ப என்ன படிக்கிறீங்க?

மாலை 6 மணிக்கு மேல் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டி ஓடாது. காலாற நடந்தபடி புத்தகம் பற்றிப் பேச இதைவிட நல்ல நேரம் கிடையாது. "இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று யாராவது கேட்டால், தலைப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

கையில் பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1995-இல் சாகித்திய அகாதமி விருது வாங்கிய நாவல் என்ற தகவலால் மட்டும் யாரும் அதைத் தேடிப் போகமாட்டார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்துப் புதுச்சேரி, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து எழுந்த கதை, அவர் பெயரில்தான் நம் ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் காது கொடுப்பார். பிடித்த ஒரு காட்சியைச் சொல்லலாம்; முடிவை மட்டும் சொல்லக் கூடாது.

பாதிதான் படித்திருந்தால் பாதி என்றே சொல்லுங்கள். எந்த இடத்தில் கதை சூடுபிடித்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், முதல் ஐம்பது பக்கத்தில் சோர்கிறவருக்குப் பெரிய உதவி. பிடிக்காத புத்தகத்தையும் காரணத்தோடு சொல்லலாம், தவறே இல்லை.

பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும். வாங்கும் முன் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் கிடைக்கிறதா என்று ஒரு நடை பார்க்கச் சொல்லுங்கள்.

சொந்தப் பிரதியை இரவல் கொடுத்தால், வாங்கியவர் கையில் புத்தகத்தோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். யாரிடம் போனது, எப்போது போனது, இரண்டும் அதில் இருக்கும்.